ஆறு மணிக்கு ஒரு நிமிடம்

ஒன்றுமில்லை என்றால் உண்மையிலேயே ஒன்றுமில்லைத்தானா, படியிறங்கும்போது கால் தவறுகிற மாதிரி பதினொரு வருடமாக நெஞ்சுக்குள் ஒன்று தவறித் தவறி விழுந்ததே, அது அப்போது என்ன, என்று மூதூருக்குப் போகிற லோஞ்சுப் படகின் பலகையில் உட்கார்ந்து சிவகாமிப்பிள்ளை தன்னைத்தானே கேட்டாள், கேட்ட கையோடு சிரிப்பு வந்தது, யாரும் பார்த்துவிட்டார்களோ என்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வருகிற நாற்பத்தேழு வயது மனுசி தனியே சிரித்தால் மூதூரில் இரண்டு நாளைக்குக் கதைக்க அது போதும். திருகோணமலை இறங்குதுறையில் நேவிக்காரன் பையைக் கொட்டச் சொன்னபோதும் சிரிப்புத்தான் வந்தது, குளிசைப் பெட்டியும் பாதி தின்ற பணிசும் ஈசிஜி கடதாசியும் மேசையில் உருள, அவன் அந்தக் கடதாசியை விரித்துக் கோணல்மாணல் கோடுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எந்தக் கரையின் வரைபடம் என்று நினைத்தானோ, பெரியவனைக் கூப்பிட்டான், பெரியவன் தன் நெஞ்சைத் தொட்டுக்காட்டி "ஹாட்?" என்றான், அவள் தலையாட்டினாள், இரண்டு பேரும் பாவம் பார்த்து விட்டுவிட்டார்கள்... பாவம் பார்க்க ஒன்றுமில்லையடா தம்பிமாரே என்று சொல்ல அவளுக்குச் சிங்களம் தெரியவில்லை. பலகையின் மற்ற நுனியில் அவள் புருஷன் கனகசிங்கம், மூதூர்ச் சங்கக்கடை மனேஜர், கடலைப் பார்த்தபடி இருந்தார். நடுவில், பட்டணத்தில் வாங்கி அடுக்கிய பிளாஸ்டிக் வாளிகளோடு உம்மு குல்சும், மூதூரில் வீடு வீடாக வாளி விற்கிறவள். பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிற வழக்கம் புருஷனுக்கும் பெண்சாதிக்கும் ஒருநாளும் இருந்ததில்லை, ரோட்டிலும் அவர் பத்தடி முன்னால் போவார், அவள் பின்னால் வருவாள்.

அந்த டொக்டர் பிள்ளை, பரீனா, கண்டியிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்குக்கு வருகிறவள், முப்பது வயது இருக்குமா, நெஞ்சிலும் கைகாலிலும் வயர்களைப் பூட்டிப் படுக்கவைத்துக் கடதாசி ஓட ஓடப் பார்த்தாள், பிறகு எழுப்பி வாசற்படியில் இருபது தரம் ஏறி இறங்கச் சொன்னாள்... ஒரு வாளித் தண்ணீர் தூக்கப் பதினொரு வருடமாக விடப்படாதவளைப் போய். பத்தாவது தரம் இதோ சாகப்போகிறேன் என்று நினைத்தாள், இருபதாவது தரம் இன்னும் சாகவில்லையே என்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. டொக்டர் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "பாத்தீங்களா அம்மா, வேலை குடுத்தா ஒழுங்கா அடிக்குது, சும்மா இருக்கேக்கதான் விளையாடுது" என்றாள். நிற்கவில்லையாம், எதுவும் விழவில்லையாம், ஒரு துடிப்பு தன் முறைக்கு முந்தி ஓடி வந்துவிடுகிறதாம், சின்னத் துடிப்பு, அது நமக்குத் தெரியாதாம், அதற்குப் பிறகு இருதயம் ஒரு கணம் பொறுத்திருந்து அடுத்ததைப் பலமாக அடிக்கிறதாம், அந்தப் பலமான அடியைத்தான் அவள் இவ்வளவு காலமும் விழுந்தது என்று நினைத்திருக்கிறாள். பிறகு அந்தக் கடதாசியில் இன்னொன்றையும் காட்டினாள், இருதயத்துக்குள் மின்சாரம் இரண்டு வழியால் போகுமாம், அவளுக்கு வலப்பக்கத்து வழி கொஞ்சம் மெதுவாம், இடப்பக்கத்தால் சுற்றி வந்து சேர்ந்துவிடுமாம், ஊரில் எத்தனையோ பேர் தெரியாமலே அதோடு சீவிக்கிறார்களாம். அது சிவகாமிப்பிள்ளைக்கு உடனே விளங்கிவிட்டது. பெரிய ரோட்டை மறித்தால் ஒழுங்கைக்குள்ளால் சுற்றி எப்படியும் சந்தைக்குப் போய்ச் சேருகிற சனத்துக்கு இதை விளக்கவும் வேண்டுமா. "தேத்தண்ணியைக் குறையுங்க, நல்லா நித்திரை கொள்ளுங்க, மயங்கி விழுந்தாலோ நடக்கேக்க நெஞ்சு நொந்தாலோ உடன வாங்க, இல்லாட்டி வர வேணாம்" என்று துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டே சொன்னவள், சிவகாமிப்பிள்ளை எழுந்து வரும்போது ஒன்று சொன்னாள், அதுதான் இப்போது இந்த லோஞ்சின் இரைச்சலுக்கு மேலாகவும் காதில் நிற்கிறது. "வீட்டில நாடி பிடிச்சு எண்ணுறீங்க எண்டு சொன்னீங்களே, அதை இண்டையோட விட்டுடுங்க அம்மா. தேடினா அது வரும்."

விட்டுவிடுவதாமே... எண்பத்தேழில் குண்டுச் சத்தத்துக்கு வயலுக்குள்ளால் ஓடி வந்து விழுந்த அன்று, வயதுபோன அப்போதிக்கரி வைத்தியர் ஒருவர் மணிக்கட்டைப் பிடித்து, "இது ஒண்டு விட்டு ஒண்டு அடிக்குது, கவனமாப் பாத்துக்கொள்ளும்" என்று கனகசிங்கத்துக்குச் சொல்லிவிட்டுப் போனார். கவனமாகப் பார்ப்பது என்றால் என்ன என்று அவர் சொல்லவில்லை, கனகசிங்கம் தானாக ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆறு மணிக்கு, சங்கக்கடையைப் பூட்டி வந்து, கால் கழுவி, கதிரையை அவளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, மணிக்கூட்டைப் பார்த்தபடி ஒரு நிமிடம் அவள் மணிக்கட்டைப் பிடித்திருப்பார். வாயால் ஒரு சொல் வராது. உதடு மட்டும் எண்ணும். முடிந்ததும் "ம்" என்பார், அவ்வளவுதான், எழும்பிப் போய்விடுவார். தொண்ணூறில் இடம்பெயர்ந்து ஈச்சிலம்பற்றுப் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது பெண்களுக்கு ஐந்தாம் வகுப்பு அறை, ஆண்களுக்கு எட்டாம் வகுப்பு அறை, புருஷன்மார் பெண்சாதிமாரோடு கதைப்பதென்றால் கிணற்றடியில் வாளிக்கு நிற்கிற சாட்டில் நாலு சொல், அதுவும் பத்துப் பேர் பார்க்க. கனகசிங்கம் மட்டும் ஆறு மணிக்கு ஐந்தாம் வகுப்பு வாசலில் வந்து நின்று செருமுவார், பெண்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள், அத்தனை பேருக்கும் முன்னால் பாயில் குந்தியிருந்து பெண்சாதியின் கையைப் பிடிப்பார், ஒருத்தி ஒரு சொல் சொன்னதில்லை, வருத்தக்காரிக்குச் செய்கிற பணிவிடைக்கு யார் என்ன சொல்ல. அந்த முகாமிலேயே புருஷன் கை பிடித்த ஒரே பெண்சாதி அவள்தான். நல்லம்மா என்று ஒருத்தி, நாலு பிள்ளை பெற்றவள், ஒருநாள் தலை வாரிக்கொண்டே, "எனக்கும் இப்பிடி ஒரு வருத்தம் வந்தா என்ன அக்கா" என்று கேட்டாள், எல்லோரும் சிரித்தார்கள், அவளும்தான் சிரித்தாள், ஆனால் அன்று ஆறு மணிக்குச் செருமல் கேட்டபோது முகம் சிவந்துபோனது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அப்போ சொல்லத்தான் வேண்டுமா. டொக்டர் இதையெல்லாம் சொல்லும்போது அவர் மருந்து வரிசையில் இடம்பிடித்து நின்றார், ஒன்றையும் கேட்கவில்லை. வந்தபிறகும் என்ன சொன்னா என்று வாயால் கேட்கவில்லை, கெட்ட சேதியைத் தானாகப் போய்க் கேட்கிற ஆள் இல்லை அவர், அவள் "லோஞ்ச் போயிடும், வாங்கோ" என்றதும் தலையைக் குனிந்துகொண்டு பத்தடி முன்னால் நடந்தார். சொல்லாவிட்டால் யாருக்கு என்ன குறை, குளிசை குடித்தேன், பத்தியம் இருந்தேன், ஆறு மணிக்குக் கையை நீட்டினேன் என்று இருந்துவிடலாம்... சொன்னால் என்னென்ன செய்யலாம், அதையும் பார், கோணேசர் மலைக்கு நிற்காமல் ஏறலாம், கிணற்றில் தானே அள்ளிக் குளிக்கலாம், வெள்ளை வெளேரென்று அவித்துத் தருகிற உப்பில்லாக் கறிக்கு முழுக்குப் போட்டுவிட்டு ஒரு நண்டுக் குழம்பு, உறைப்பாக, கண்ணில் தண்ணீர் வர. நண்டை நினைக்க நெஞ்சுக்குள் ஒன்று முந்தி ஓடி வந்தது, பொறுத்தது, பலமாக அடித்தது, வா வா, உன்னை இப்போது எனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொண்டாள், சந்தோசம் அடக்க முடியவில்லை. துறைமுக வாயைத் தாண்டியதும் அலை தூக்கிப் போட்டது, வாளிகள் உருண்டன, தூரத்தில் நேவிப் படகு ஒன்று வட்டமடித்தது. சாகமாட்டேன் என்பது எவ்வளவு நல்ல சேதி, இதைப் போய் ஒருத்தி ஒளிப்பாளா, ஒரு நிமிடத்துக்காக, அதுவும் கட்டின புருஷனிடம்... வெட்கங்கெட்டவள் என்று தன்னைத் திட்டினாள். திட்டியும் வாய் திறக்கவில்லை.

திறக்க வைத்தவள் உம்மு குல்சும். வாளிகளைக் காலால் அணைத்துக்கொண்டு, லோஞ்சின் சத்தத்துக்கு மேலால், "என்ன புள்ள, ஆஸ்பத்திரியில என்னவாம்?" என்று கேட்டாள். மற்ற நுனியில் கனகசிங்கம் திரும்பவில்லை, ஆனால் அவர் கழுத்து அசையாமல் நின்றது. சிவகாமிப்பிள்ளை வாயில் வந்ததைச் சொன்னாள். "ஒண்டுமில்லையாம்." சொல்லிவிட்டுத்தான் பார்த்தாள், அவர் முகத்தில் இரத்தம் இல்லை. ஐயோ, அவள் ஏன் அதைச் சொன்னாள். இந்த ஊரில் யாருக்கு ஒண்டுமில்லை என்றால் ஒண்டுமில்லை... அவளுடைய தம்பியைப் பிடித்துக்கொண்டு போன அன்றும் தாய்க்கு ஒண்டுமில்லை என்றுதான் சொன்னார்கள், கரையில் சவப்பெட்டி வந்து இறங்கும்வரைக்கும் பக்கத்து வீட்டுக் கனகம்மாவுக்கு ஒண்டுமில்லை என்றுதான் சொன்னார்கள், அழுகிற வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை. உம்மு குல்சும் கூட நாக்கைச் சப்புக்கொட்டி, "அல்லாஹ் பாத்துக்குவான்" என்றாள். அவருடைய கை பலகையின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. பதினொரு வருடம் எண்ணிய மனுசன். ஒவ்வொரு நாளும் அந்த ஒரு நிமிடம் அவருக்கு எப்படியிருந்திருக்கும் என்று அவள் ஒரு தரம் யோசித்தாளா, தனக்கு எப்படியிருந்தது என்பதைத் தவிர. அதற்குமேல் அவளால் பொறுக்க ஏலவில்லை.

"இஞ்சருங்கோ," என்றாள், உம்மு குல்சுமின் மடிக்கு மேலால் குனிந்து, "மெய்யாவே ஒண்டுமில்லை. சாகிற வருத்தம் இல்லையாம். இருபது தரம் படி ஏத்தி இறக்கிப் பாத்தவா. துடிப்பு ஒண்டு அவசரப்பட்டு முந்தி வருதாம், அவ்வளவுதானாம். கனபேருக்கு இருக்காம். எனக்கு நண்டு தின்னலாம்." எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள், வலப்பக்கத்து வழி மெதுவாகப் போகிறதையும், இடப்பக்கத்தால் சுற்றி வருகிறதையும், கடைசியில் அதையும் சொன்னாள், "இனி நாடி எண்ண வேண்டாமாம்." உம்மு குல்சும் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி அவள் கன்னத்தைத் தடவினாள். கனகசிங்கத்தின் முகத்துக்கு இரத்தம் மெல்ல மெல்லத் திரும்பியது, கண் கலங்கியது, வெயில் என்று சாட்டுச் சொல்லித் துடைத்தார், பிறகு சிரித்தார், அவர் பல் தெரியச் சிரித்து எத்தனை காலம். அவளுக்கு அழுகை வந்தது, நல்ல அழுகை. பிறகு அவர் சங்கக்கடையில் கணக்குப் பிழைத்தவரைப் போல நெற்றியைச் சுருக்கி, அவளைப் பார்க்காமல், கடலைப் பார்த்து, மெதுவாகக் கேட்டார்.

"அப்ப ஆறு மணிக்கு நான் என்ன செய்யிறது?"

உம்மு குல்சும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வாளிகளை எண்ணினாள், பிறகு காற்றுப் படட்டும் என்று எழும்பி முன்னால் அணியப் பக்கம் போய்விட்டாள். அவர்களுக்கு நடுவில் ஓர் ஆள் உட்காரக்கூடிய பலகை வெறுமையாகக் கிடந்தது. அவர் கேட்டது என்ன கேள்வி, வேலை போனவரைப் போல, அப்போ அவருக்கும்... பயத்தில் மட்டுமா வந்து உட்கார்ந்தார் இந்த மனுசன், ஐந்தாம் வகுப்பு வாசலில் செருமியது பயத்தில் மட்டும்தானா. கேட்க முடியாது, கேட்டால் இந்த நிமிடமே எழும்பி லோஞ்சின் மற்றப் பக்கத்துக்குப் போய்விடுவார். கையைப் பிடித்தது எப்போதும் அவர்தான், அவள் நாடியைக் கொடுத்தாளே தவிர ஒருநாளும் கையைக் கொடுத்ததில்லை, இருபத்தாறு வருடத்தில் ஒருநாள்கூட. வருத்தம் இல்லாத கையை யார் முதலில் நீட்டுகிறது, என்ன சொல்லி நீட்டுகிறது, என்று யோசித்துக்கொண்டு அவள் வெறும் பலகையில் இன்னும் ஒரு சாண் அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.