பதின்மூன்று நொடி எருமைகளும் பத்து நொடித் துண்டும்

எங்கள் பாஸ் சுதாகர் பண்டாரிக்கு மங்கலான படம் என்றால் மானக்கேடு. கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கம்பள எருமைப் பந்தயம் பார்க்கிற மனுஷன். சேற்று வயலில் எருமை ஜோடிகளை விரட்டி ஓடும் அந்தப் பந்தயத்தைத்தான் எங்கள் மங்களூர் ஆப் நேரலையில் காட்டுகிறது.

சிக்னல் குறைந்தால் படம் நிற்காமல் தானாகவே குறைந்த தரத்துக்கு இறங்கி ஓடும் வசதியை அதில் சேர்த்தேன். நாலு தரம் வைத்திருந்தேன். பண்டாரி பார்த்தார்.

"கீழ ரெண்டையும் தூக்கிடு யோகீஷ். சேறு தெறிச்சா சொட்டுச் சொட்டா எண்ணணும்."

ஆபீஸ் வைஃபையில் உட்கார்ந்து எண்ணுகிறவருக்கு என்ன? மனசுக்குள் அவரைக் கேவலமாகத் திட்டிக்கொண்டே, கையால் அவர் சொன்னதைச் செய்தேன். பதினொரு வருஷமாக என் திறமை இதுதான்.

படத்தைப் பத்துப் பத்து நொடித் துண்டாக அனுப்பச் சொன்னதும் அவர்தான்; ஒரு துண்டு முடிந்தால்தான் ஆப் தரத்தை மாற்றும். எருமைகள் ஓடி முடிக்க ஆவதோ பதின்மூன்று நொடி. சிக்னல் மோசம் என்று ஆப் கண்டுபிடிப்பதற்குள் எருமைகளைக் குளிப்பாட்டிக் கட்டியிருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை, ஆப்பைச் சோதித்துப் பார்க்கும் வேதாவதி கோலி பஜ்ஜியோடு என் மேசைக்கு வந்தாள். அவள் தம்பி ஜயந்த, கம்பள ஓட்டக்காரன். போன வருஷம் விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டவன், ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஓடுகிறான். அம்மா சார்மாடி மலையடியில், சிக்னல் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் ஊரில்.

"போன வாரம் நம்ம ஆப்ல அம்மா என்ன பாத்தாங்க தெரியுமா யோகீஷண்ணா? எருமை கிளம்புச்சு. வட்டம் சுத்துச்சு. அப்புறம் வெறும் சேறு. ஓடுனது வேற யாரோ, பரவால்ல. தம்பி ஓடும்போது அந்த வட்டம் சுத்துனா அம்மாவுக்கு மூச்சே நின்னுடும்."

"பாஸ்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். அம்மாவ டவுனுக்கு வந்து பாக்கச் சொல்லுன்னார்."

"மகான்!"

"அவரு மகான், சரி. அவர் சொன்னத டைப் பண்ண கை யாரோடது மாராயரே?"

கோபம் வந்தால் அவளுக்கு நான் அண்ணா இல்லை, மாராயர், எங்கள் ஊர் 'ஐயா'. கடித்த பஜ்ஜியைத் திரும்ப வைத்தேன்.

சனிக்கிழமை ஆளில்லாத ஆபீஸுக்குப் போனேன். கீழ்த் தரங்கள் இரண்டையும் சர்வரில் திரும்பப் போட்டேன். துண்டுகளை இரண்டு நொடியாக்கினேன். அந்தப் புரட்சியையும் குறிப்பேட்டில் 'சிறு திருத்தம்' என்றுதான் எழுதிவைத்தேன்.

ஞாயிறு காலை ஆபீஸ் டிவி முன்னால் பண்டாரி. கதவோரம் காதில் போனோடு வேதாவதி; மறுமுனையில், பக்கத்து வீட்டுப் போனில் பேசிக்கொண்டே தன் போனில் படம் பார்க்கும் அவள் அம்மா. டிவியில் ஜயந்த ஓடி முடித்தான். அந்தப் படம் மலையடிக்குப் போய்ச் சேர இன்னும் ஏழெட்டு நொடி. நான் வேதாவதியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன கண்றாவிப் படம்டி இது!" அம்மாவின் குரல் எனக்கே கேட்டது. "அடுப்புப் புகைக்குள்ள பாக்குற மாதிரி... எது எருமை, எது நம்ம பையன்... விழல! வேதா, அவன் விழலடி!"

பண்டாரி டிவியைத் தட்டிக் காட்டினார். "பாத்தியா யோகீஷ்? சொட்டுச் சொட்டா! நான் சொன்னதக் கேட்டதுக்குப் பலன்."

"ஆமா சார்" என்று வாய்வரை வந்தது. வேதாவதி கண்ணைத் துடைத்துக்கொண்டே முறைத்தாள்.

"இல்ல சார்," என்றேன். "கேக்காததுக்கு."