அசையாமல் சுமந்தவர்

இரண்டாம் மாடித் திருப்பத்தில் அண்ணன் மறுபடியும் நின்றுவிட்டார். இருவரும் கூலிக்குச் சுமந்துவந்த ஆளுயரக் கண்ணாடியின் மறுமுனையைப் பிடித்திருந்த தம்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“என்னண்ணே, இங்கயே குடியேறப் போறியா?”

“மூச்சு வாங்குதுடா. கொஞ்சம் பொறு.”

“மிஷின் வச்ச பிறகும் மூச்சு வாங்குதுன்னா யாரு நம்புவா?”

அண்ணனின் மார்புத் தோலுக்கடியில் பேஸ்மேக்கர் வைத்துச் சில மாதங்கள் ஆகின்றன. உழைக்கும்போது வேகமெடுக்க வேண்டிய இதயம், அவருக்குச் சண்டி மாடாய் ஒரே நடையில் கிடந்தது. அதைத் தட்டி ஓட்டத்தான் அந்தக் கருவி. ஆஸ்பத்திரியில் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். கைவீசி விறுவிறுவென்று நடந்தார், இதயமும் கூடவே வேகமெடுத்தது. தம்பி அதைக் கண்ணால் பார்த்தவன்.

அதனால்தான் அவனுக்குச் சந்தேகம். கண்ணாடியை மேலே வைத்துவிட்டால் இதே அண்ணன் படிகளில் தடதடவென்று இறங்கிவிடுவார். ஏறும்போது மட்டும் என்ன நோய்? “உங்க அண்ணனுக்கு நோவு இல்லீங்க, உடம்பு வளையல” என்று தம்பியின் மனைவியும் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியிருந்தாள்.

அண்ணன் பிடியை மாற்றிக்கொண்டார். கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு ஏறினார். இந்த முறை நிற்கவே இல்லை. மூன்றாம் மாடிக்கு நாலைந்து படிகள் இருக்கையில் அவர் முழங்கால் மடிந்தது. கண்ணாடி படியெல்லாம் சிதறியது. நல்லவேளையாக யாரையும் வெட்டவில்லை. தம்பியின் பார்வை முதலில் போனது கண்ணாடிமேல்தான், அண்ணன்மேல் அல்ல.

“வா, டாக்டர் வாயாலேயே கேட்டுடுவோம்” என்று கையோடு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனான்.

டாக்டரம்மா இதுவரை யாரும் கேட்காததைக் கேட்டார்.

“கண்ணாடியை எப்படித் தூக்குவீங்க? செஞ்சு காட்டுங்க.”

அண்ணன், கட்டிலை மறைத்திருந்த தட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே இருந்த படியில் ஏறினார். மார்பு ஆடவில்லை, தோள் குலுங்கவில்லை. உடம்பு ஆடினால் கண்ணாடி விரிசல் விடும் என்பது கண்ணாடி சுமக்கும் தொழிலின் அரிச்சுவடி. நாலு படி ஏறுவதற்குள் அவர் முகம் வெளுத்தது. டாக்டரம்மாவின் கையில், பேஸ்மேக்கரோடு இணைத்திருந்த சிறு திரையில் இதயத்துடிப்பின் எண் கொஞ்சமும் ஏறவில்லை.

“போதும், இறங்குங்க” என்றார் அவர். “உடம்பு குலுங்குறத வச்சுத்தான் நீங்க வேலை செய்றீங்கன்னு இந்தக் கருவிக்குத் தெரியும். நீங்க குலுங்காம ஏறுறீங்க. அது நீங்க உக்காந்திருக்கீங்கன்னு நினைச்சுக்குது. இறங்கும்போது அதிர்வு ஜாஸ்தி, உடனே முழிச்சுக்குது. மூச்சைப் பார்த்து வேகம் கூட்டுற கருவியும் இருக்கு, ஆனா உங்களுக்கு வச்சது அது இல்ல. இதையே கொஞ்சம் மாத்தி அமைக்கிறேன். ஆனா மாடிக்குச் சுமை தூக்குறத விட்டுடுங்க.”

வெளியே பெஞ்சில் தம்பியால் தலை நிமிர முடியவில்லை.

“மன்னிச்சிடுண்ணே. வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்.”

“நீ பேசினது கெடக்கட்டும்டா. எல்லாரும் சொல்லச் சொல்ல, நான்தான் சோம்பேறி ஆயிட்டேன் போலன்னு நானே நம்பிட்டேன். அதான் இன்னிக்குக் கண்ணு இருட்டியும் நிக்காம ஏறினேன்.”

அந்நேரம் பார்த்துத் தம்பியின் மனைவியிடமிருந்து போன்.

“டாக்டர் என்ன சொன்னாங்க? நடிப்புதானே?”

“இல்ல” என்றான். “உசிரில்லாத மிஷின் அவர் கஷ்டத்தைத் தெரிஞ்சுக்கல, சரி. கூடவே இருக்குற நமக்கு என்ன வந்துச்சு? முடியலன்னு ஒரு மனுஷன் சொன்னா, சோம்பேறின்னு பட்டம் கட்டுறதுக்கு முன்னாடி என்ன செய்யுதுன்னு கேக்கணும். அதைக் கேக்காம எங்கண்ணனைக் கொல்லப் பார்த்துட்டோம்.”