பாசிக்கு வீட்டு எண்

புதன்கிழமை காலை பாசிக்கு வீட்டு எண் கொடுத்துவிட்டார்கள். 3பி. அதுவரை அது செண்பகவல்லியின் எண்ணாக இருந்தது. அவளுக்கு வேறு எண் எதுவும் தரவில்லை.

பாசி பிறந்தது ஹாலில் இருந்த மூன்றடி மீன்தொட்டியில். திங்கட்கிழமை கண்ணாடியை மூடியது. செவ்வாய் மதியத்துக்குள் டிவியையும், சோபாவையும், சோபாவில் இருந்த கணவர் மாசிலாமணியையும் இடுப்பு வரைக்கும் மூடியது. அவர் எழுந்திருக்கவில்லை. கிரிக்கெட் மைதானம் எப்படியும் பச்சைதானே என்று பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

தப்பு யாருடையது என்று செண்பகவல்லிக்குத் தெரியும். பாசி வெளிச்சத்தைத் தின்று வளர்வது. தொட்டி விளக்கோ இரண்டு வருடமாக அணையவில்லை. அவள் ஒன்றும் சோம்பேறி இல்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் வெளிச்சத்தை அணைக்கக் கூடாது, அவ்வளவுதான். அவள் ஸ்விட்ச் பக்கம் போகும்போதெல்லாம் மணி சரியாக மாலை ஆறாகிவிடும். காலை பத்துக்குப் போனாலும் ஆறுதான். தெருவில் பூக்காரியின் குரல் கேட்கும். கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பிவிடுவாள்.

புதன் பதினொரு மணிக்கு சர்வேயர் தணிகாசலம் வந்தார். வாசலிலிருந்து ஹாலுக்கு வர அவருக்கு நாற்பது நிமிடம் ஆனது. நடைவழி நீண்டுவிட்டது. பாதி வழியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுவிட்டு வந்தார்.

“பாசி ரொம்ப மரியாதையான பார்ட்டிம்மா. நீங்க இங்கயே இருந்துக்கலாம்னு சொல்லியிருக்கு. ஒரு கையெழுத்துதான்.”

படிவத்தில் ஒரே வரி. தொட்டியில் உள்ளதெல்லாம் பாசியே.

“கப்பி மீனுங்க மூணும் போட்டுருச்சு. உங்க வீட்டுக்காரரும் போட்டுட்டார்.”

மாசிலாமணி பச்சைக் கையை ஆட்டினார். “போட்டுடேன் செண்பகம். ஒண்ணும் வலிக்கல.”

“செடி இருக்கே,” என்றாள்.

“எந்தச் செடி?” என்றார் தணிகாசலம்.

அவள் தொட்டிக்குள் கையை விட்டு வழித்தாள். இடது மூலையில் அது நின்றது. கொளத்தூர் மீன் சந்தையில் வாங்கும்போது ஏழு இலை. இப்போது ஒன்று. அந்த ஒன்றைத்தான் பழைய டூத் பிரஷால் தினமும் தேய்த்துக் காப்பாற்றி வந்தாள். ஊரில் வேறு செடியே இல்லையா என்றால் இருக்கிறது. அவளுக்கு இதுதான் வேண்டும். இதைப் பாசி என்று எழுதிக் கொடுக்க அவளுக்கு மனசும் இல்லை, கையும் வராது.

தணிகாசலம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “ரெண்டு இலை இருந்தாத்தாம்மா செடி. ஒத்தை இலை பாசிக் கணக்கு.”

“ரெண்டாவது இலை விடும்.”

“எப்போ?”

“மூணு நாள் இருட்டுல வெச்சா பாசி செத்துடும். செடி பிழைச்சுக்கும்.”

“இருட்டுக்கு அனுமதி இல்லையே.”

“நான் கேக்கவே இல்லையே.”

படிவத்தை வாங்கி நான்காக மடித்தாள். ஆடிக்கொண்டிருந்த தொட்டி ஸ்டாண்டின் காலுக்கு அதை முட்டுக் கொடுத்தாள். பிறகு பீரோவிலிருந்து ஒரு கறுப்பு வேட்டியை எடுத்து வந்தாள்.

“அது மலைக்குப் போறப்ப கட்டுற வேட்டி,” என்றார் மாசிலாமணி.

“இதுவும் விரதம்தான்.”

ஸ்விட்ச் பக்கம் போனாள். மணி ஆறானது. பூக்காரி கூவினாள். தணிகாசலம் பழக்கதோஷத்தில் கைகூப்பினார்.

“விளக்கு வைக்கிற நேரம்மா.”

“தெரியும்,” என்றாள் செண்பகவல்லி. அணைத்தாள். இரண்டு வருடக் கோபம் அந்த ஒரு விரலில் இருந்தது.

தொட்டி மேல் வேட்டியைப் போர்த்தினாள். ஹால் இருண்டது. பிறகு ஜன்னல், பிறகு தெரு. கடைசியாகச் சூரியன் இரண்டு முறை மினுக்கிவிட்டு அணைந்தது. அதுவும் அதே லைனில்தான் இருந்திருக்கிறது.

யாரோ கதவைத் தட்டினார்கள். “சூரியனை எப்பம்மா போடுவீங்க? மாடியில வத்தல் காயுது.”

“சனிக்கிழமை.”

தொட்டியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள். யார் தட்டினாலும் அதே பதில்தான். இரண்டாம் நாள் மாசிலாமணி, “கால் குளிருது செண்பகம்,” என்றார். அவருக்குக் கால் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. “பொறுங்க,” என்றாள். பயமாகத்தான் இருந்தது. ஒற்றை இலையும் அழுகிப்போயிருந்தால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனாலும் வேட்டியைத் தூக்கிப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை வேட்டிக்கு அடியில் கையை விட்டாள். இலை இருந்தது. தண்டோடு தடவிக்கொண்டே இறங்கினாள். கணுவில் விரல் எதிலோ முட்டியது.

“சர்வேயர் சார்.”

“இங்கதாம்மா இருக்கேன். வழி தெரியல.”

“கையைக் கொடுங்க.”

இருட்டில் அவர் கையைப் பிடித்து இழுத்துத் தண்ணீருக்குள் விட்டாள். அவர் வெகுநேரம் தடவினார். சுருண்டு, அரிசி அளவுக்குத்தான் இருந்தது.

“ரெண்டு,” என்றார்.

“எழுதுங்க.”

“இருட்டுல எப்படிம்மா எழுதறது?”

“நீங்க எழுதுங்க சார். அப்புறம் வெளிச்சம் போடறேன்.”