புழு மூச்சுவிடப் போட்ட ஓட்டை

சட்டையின் முதுகைக் கழுத்துப்பட்டியிலிருந்து கீழ்வரை கத்தரித்தாள். மடங்காத கைகளுக்கு அப்படித்தான் சட்டை போட முடியும் என்று மருத்துவமனை ஊழியர் சொல்லி அனுப்பியிருந்தார். துணி வெட்டுவது தையல்காரிக்குப் புதிதில்லை. ஆனாலும் கத்தரி வழி தவறிக்கொண்டே இருந்தது.

அறையில் அவளும் கணவனும் மட்டும். கதவுக்கு வெளியே நாத்தனாரின் குரல் உடைந்து வந்தது.

"நானும் வரட்டுமா அண்ணி?"

"வேணாம்மா. கொஞ்ச நேரம் யாரும் வர வேணாம்."

தெருவில் அவள் கணவருக்குத் தக்கை என்று பெயர். பிய்ந்த ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டித் தூண்டிலுக்குத் தக்கை செய்துகொள்வார். துருப்பிடித்த நட்டுதான் ஈயக்குண்டு. காய்ந்த ரொட்டியில் துளிப் பஞ்சு சேர்த்துப் பிசைந்தால் இரை தண்ணீரில் கரையாது என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிக் கொடுப்பார். காலி பாட்டிலின் கழுத்தைச் சுற்றிக் காய்ச்சின ஊசியால் குத்தி, ஈரக் காகிதத்தோடு மண்புழுவை அடைத்துவைப்பார். புழுவும் மூச்சுவிட வேண்டுமே.

"மார்க்கெட்ல வாங்கினா இதவிடச் சல்லிசா முடியுமேப்பா" என்று கேலி பேசுவார்கள்.

"அங்க மீன் கிடைக்கும். ஞாயித்துக்கிழமை கிடைக்குமா?" என்பார்.

அவளுக்குப் பயமெல்லாம் அந்தத் தெப்பத்தின் மேல்தான். பஞ்சர் கடைக்காரர் கொடுத்த லாரி டியூப்களின் மேல் ஒரு பழைய கதவு. நீந்தத் தெரியாத மனிதர் அதில் ஏறி ஏரி நடுவுக்குப் போவார். மிதவைச் சட்டை ஒன்று வாங்கச் சொன்னாள்.

"வாங்கறதா? வீட்டுல தையல்காரிய வச்சுக்கிட்டா? காலி பாட்டில உள்ள வச்சுத் தச்சுடு. வெள்ளைப் பையில இருக்கறது நல்ல பாட்டில். நீலப் பை புழுவுக்கு."

பள்ளிச் சீருடைகள் மலைபோல் குவிந்திருந்த வாரம் அது. அதற்கு நடுவில் தைத்தாள். பழைய கார் சீட் பெல்ட்டை வாராக வைத்து, யானை இழுத்தாலும் பிரியாத இரட்டைத் தையல் போட்டாள்.

இன்று காலை, ஏரியிலிருந்து செய்தி வந்ததும், தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனவள் கதவுக்குப் பின்னால் பார்த்தாள். வெள்ளைப் பை நிறைந்திருந்தது. நீலப் பை காலியாகத் தொங்கியது.

அப்போதிலிருந்து ஒரே ஒரு நினைப்பைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் அந்த மிதவைச் சட்டையைப் போட்டிருக்க மாட்டார். போன முறை வெயிலில் புழுங்குகிறது என்று அதை மடித்துப்போட்டு, மேலே உட்கார்ந்துதான் மீன் பிடித்தாராம். அது தெரிந்துதான் இந்த முறை வாசலை மறித்துக்கொண்டு, "என் மேல சத்தியமா போட்டுக்கணும்" என்றாள். சரி சரி என்று சிரித்துக்கொண்டே போனார். எத்தனை சரிகளை அவர் காற்றில் விட்டிருக்கிறார். கடவுளே, இதையும் விட்டிருக்கட்டும்.

போர்வையை விலக்கினாள்.

அக்குள்களுக்குக் கீழே, நெஞ்சின் குறுக்காக, பெல்ட்டின் அகலத்துக்கு ஒரு கறுத்த தடம். அவள் விரலை வைத்து அளந்தாள். அளக்கத் தேவையிருக்கவில்லை.

சட்டையைப் போட்டுவிட்டுக் கழுத்துவரை பொத்தான் மாட்டினாள். பிறகு கதவைத் திறந்தாள்.

நாத்தனாருக்குப் பின்னால் பஞ்சர் கடைக்காரர் நின்றிருந்தார். கால்சட்டை இன்னும் காயவில்லை. தண்ணீரில் முங்கி முங்கித் தேடியவர், கரைக்கு இழுத்துவந்தவர் அவர்தான். வாரை அவிழ்த்ததும் அவராகத்தான் இருக்கும். நீர் ஏறின பாட்டில்களின் கனம் அவருடைய கைக்குத் தெரிந்திருக்கும்.

"அண்ணே, நான் தச்சத அவரு போட்டிருந்தாரா?"

அவர் அவளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"எங்கம்மா போட்டான்? மடிச்சு மேல உக்காந்திருந்தான். காத்து அடிச்சுத் தெப்பம் கவுந்துடுச்சு. அது தனியாப் போயிடுச்சு." கால்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, "நல்லாத்தான் மிதந்துச்சும்மா" என்றார்.

பொய் பழகாத வாய். அவளுக்காக அதை வருத்திக்கொண்டிருந்தார். ஆண்டவன் சில நேரம் ஒரு மனிதனின் கையில் இப்படியும் ஏதாவது கொடுத்து அனுப்புகிறான் என்று அவளுக்குத் தோன்றியது. அதை வாங்கிக்கொள்ளத்தான் நினைத்தாள்.

நாத்தனார் அண்ணனுடைய காலருகே சரிந்து உட்கார்ந்தாள்.

"சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான் அண்ணா நீ. யார் பேச்சக் கேட்டிருக்கே? அண்ணி அவ்வளவு வேலைக்கு நடுவுல தச்சுக் குடுத்தாங்களே, மேல மாட்டிக்க வலிச்சுதா உனக்கு? உன் பிடிவாதந்தான் உன்னத் தூக்கிட்டுப் போயிடுச்சு."

வாசலில் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். "சொன்னாக் கேக்கணும்ல" என்றது ஒரு குரல்.

அவர் வாய்மூடிப் படுத்திருந்தார். இனி அவருக்காக யாராவது பேசினால்தான் உண்டு.

அவள் நாத்தனாரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "திட்டாதம்மா. அவரு போட்டிருந்தாரு."

"தங்கச்சி, நீ சும்மா இரும்மா" என்றார் பஞ்சர் கடைக்காரர்.

"நான் சொன்னதக் கேட்டாரும்மா. இறுக்கிக் கட்டியிருந்தாரு. தடம் இருக்கு. பாட்டிலுதான் ஓட்டை. புழு பாட்டில வச்சுத் தச்சது நான்."

நாத்தனாரின் கை அப்போது அவள் முழங்காலின் மேல் இருந்தது. அந்தக் கை தட்டிக்கொடுக்கவில்லை. விலகவும் இல்லை. வைத்த இடத்திலேயே கிடந்தது.

பஞ்சர் கடைக்காரர் வெளியே போனார். வெயில் ஏறியிருந்தது. யாரும் உட்காராத வாடகை நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுவரோர நிழலில் போடத் தொடங்கினார்.