ஐஸ் ஆலையில் எங்கள் பங்கு

கென்யாவின் ஹோமா பே ஏரிக்கரையில் மீன் பெட்டி இறக்கும் எங்கள் சங்கத்துக்கு, பக்கத்திலுள்ள ஐஸ் ஆலையில் நூற்றுக்கு முப்பது பங்கு உண்டு. வருசக் கூட்டத்தில் கணக்குப் பார்க்கும் பெண் அடோங்கோ, சங்கத்துக்கு எட்டு லட்சம் ஷில்லிங் லாபம் என்று வாசித்ததும் ஒரே கைதட்டல். நான் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். என் மனைவி அவுவோர் வயிற்றுக் கட்டியோடு படுத்திருந்தாள். ஆபரேஷனுக்கு முன்பணம் கேட்டிருந்தார்கள். எங்கள் அறுபது பேருக்குப் பிரித்தாலும் அது தேறும்.

"லாபம் வந்துடுச்சு. நாளைக்கே கட்டிடறேன்."

"வந்துச்சா? சட்டையில மீன் செதிள்தான்யா ஒட்டியிருக்கு." வலியிலும் சிரித்தாள்.

மறுநாள் சங்கத்தில் போய் நின்றேன். அடோங்கோவுக்கு என்னை நிமிர்ந்து பார்க்கவே சங்கடம்.

"ஐயா, அது ஆலையோட லாபம். அதுல நம்ம பங்கை நம்ம லாபமா எழுதணும், அதான் முறை. அவங்க பிரிச்சுக் கொடுத்தாத்தான் பணம் கைக்கு வரும். இந்த வருசம் பிரிக்காம அந்தப் பணத்துல புது மெஷின் வாங்கிட்டாங்க."

"நம்ம ஆளு ஒமோலோ அங்க நிர்வாகத்துல உக்காந்திருக்கானே?"

"அவர் பேசலாம். மத்தவங்க கை தூக்கிட்டா அவ்வளவுதான்."

"அப்ப ஏம்மா நம்மளதுன்னு வாசிச்சே?"

"நம்மளதுதாங்க ஐயா." அவள் கண் கலங்கிவிட்டது.

கடனுக்கு அலைந்தேன். பாதி சேர்வதற்குள் கட்டி உடைந்து அவுவோர் போய்விட்டாள். கடைசியாக என்னிடம் கேட்டது, "பிரிச்சாங்களா?"

அடுத்த வருசம் அந்தப் புது மெஷின் படுத்துவிட்டது. கூட்டத்தில் அடோங்கோ வாசித்தாள்: "ஆலைக்குப் பெரிய நட்டம். நம்ம பங்கோட மதிப்பு கரைஞ்சு பூஜ்யம். அதுக்குக் கீழ இறக்கி எழுத மாட்டோம்."

"அப்பாடா, அதுக்கு மேல நம்ம தலையில இல்ல!" என்றான் ஒமோலோ.

"உன் தலையில எதுதான் இருந்துச்சு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரித்தார்கள்.

நான் எழுந்தேன். "மிச்ச நட்டத்தை என்னம்மா பண்ணுவே?"

"ஓரமாக் குறிச்சு வைப்போம் ஐயா. மறுபடி லாபம் வந்தா முதல்ல அதுல கழிப்போம். கழிச்சு மீந்தாத்தான் நம்ம லாபம்னு எழுதுவோம்."

போன மாதம் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அப்படியே அவுவோரின் நெற்றி. கையில் கொடுத்துவிட்டு, "சிரிங்கப்பா, பேத்தி பாக்குறா" என்றாள் மகள்.

கொஞ்சம் பொறும்மா என்றேன். முதலில் கழிய வேண்டியது நிறைய இருந்தது.