இருபத்தைந்தாவது ஆட்டம்

முப்பது வருடமாக இந்தக் கால்பந்து கிளப்பில் ஜெர்சி துவைக்கிறேன். மேனேஜர்கள் பதினாலு பேர் வந்து போய்விட்டார்கள். ஒருத்தரையும் நான் நம்பியதில்லை.

ஆட்டத்தன்று அணிப் பட்டியல் முதலில் என் கைக்குத்தான் வரும். களத்தில் இறங்கும் பதினோரு பேரின் ஜெர்சியைக் கதவுக்கு எதிர்ச்சுவரில் மாட்டுவேன். பெஞ்சில் உட்காருகிறவர்களுக்கு ஜன்னலோரம். உள்ளே வருகிறவன் முதலில் கொக்கியைப் பார்ப்பான், அப்புறம்தான் மனிதனைப் பார்ப்பான்.

அன்று சீசனின் கடைசி ஆட்டம். நடுக்களத்தில் ஆடும் கீரன் ஓல்ட்ராய்டுக்கு முப்பத்து நாலு வயது. இருபத்தைந்து ஆட்டங்களில் முதல் பதினோரு பேரில் இறங்கினால் இன்னொரு வருடம் உண்டு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. இருபத்து நாலு ஆகி ஆறு வாரம். ஆறு வாரமும் ஜன்னலோரம்தான். இன்னொரு வருடச் சம்பளத்தை மிச்சம் பிடிக்க மேலிடம் செய்கிற வேலை. யாரும் வாய் திறக்கவில்லை, ஆனால் எனக்குக் கண் இருக்கிறது.

அன்றும் அவன் எட்டாம் நம்பரை ஜன்னலோரம்தான் மாட்டினேன்.

"என்ன ஓல்டி, வேடிக்கை பாக்கறதுக்கா சம்பளம்?" என்றான் கோல்கீப்பர் டார்சி.

"நீ விடுற கோலை எண்ண ஒரு ஆள் வேணும்ல" என்றான் கீரன். சிரித்தான். ஷூ கயிற்றை மட்டும் மூன்று தடவை அவிழ்த்துக் கட்டினான்.

ஆட்டம் தொடங்க இருபது நிமிடம். பயிற்சி ஓட்டத்தில் சின்னவன் ஜென்சனுக்குத் தொடை பிடித்துக்கொண்டது. நொண்டிக்கொண்டே உள்ளே வந்து ஜெர்சியைக் கழற்றினான். எதிர்ச்சுவரில் ஒரு கொக்கி காலி. மேனேஜர் மால்கம் வெளியே போனில் இருந்தார். யாருடன் என்று கேட்கவா வேண்டும்?

நான் எட்டாம் நம்பரை எடுத்து அந்தக் கொக்கியில் மாட்டிவிட்டேன்.

கொக்கி சொன்னால் மேனேஜர் சொன்ன மாதிரி. கீரன் எடுத்துப் போட்டுக்கொண்டான். மால்கம் உள்ளே வந்தபோது பத்துப் பேரும் அவன் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

மால்கம் என்னைப் பார்த்தார். "ஹெர்பி, இது யாரு வேலை?"

"என் வேலைதான். வேணும்னா இத்தனை பேர் முன்னால நீங்களே கழட்டுங்க."

கதவை அறைந்துவிட்டு வெளியே போய்விட்டார்.

பதினோராவது நிமிடம் கீரனின் முழங்கால் திரும்பியது. அவன் அலறியது கடைசி வரிசைவரை கேட்டிருக்கும். மருத்துவ மேசையில் படுக்கவைத்தோம். என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"பெருசு, இது கணக்குல சேரும்ல?"

"சேரும்டா."

சொல்லிவிட்டேனே தவிர எனக்கே நிச்சயமில்லை. நடுவரிடம் பெயரை மாற்றிக் கொடுக்காமல் மால்கம் சும்மா விட்டிருந்தால்? நடுவர் அறைக்கு ஓடினேன். இந்த வயதில் ஓடக் கூடாது. கதவருகே பட்டியல் ஒட்டியிருந்தது. ஜென்சன் பெயர் அடிக்கப்பட்டு, பக்கத்தில் ஓல்ட்ராய்ட். கீழே மால்கமின் கையெழுத்து. பேனா காகிதத்தைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தி.

திரும்பி வந்து சொன்னேன். "எழுதியிருக்கு. என் கண்ணால பாத்தேன்."

கீரன் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஒரு வருஷம்" என்றான். அப்புறம் மருத்துவரிடம் கேட்டான். "கால் சரியாக எத்தனை மாசம் ஆகும்?"

அவர் பனிக்கட்டிப் பையைத் திருப்பி வைத்தார்.