பதினாலாம் நம்பர் சீட்டு

அந்தக் கொட்டகையில் திரும்பி வரும் சீட்டுக்காக ஏங்கியவள் அவள் ஒருத்திதான்.

மாங்காய் தரம் பிரிக்கும் பெண்கள் அங்கே இருபது பேர். ஒவ்வொருத்திக்கும் ஒரு நம்பர். தான் அடுக்கிய பெட்டியை மூடுமுன் அந்த நம்பர் அச்சிட்ட சீட்டை உள்ளே போட வேண்டும். லாரியில் இரண்டு நாள், தூரத்து நகரத்துச் சந்தையின் பழுக்க வைக்கும் அறையில் நான்கு நாள். ஆறாம் நாள் அங்கே சோதிப்பவர் பெட்டியைத் திறப்பார். எல்லாம் நன்றாக இருந்தால் சீட்டு குப்பைக்குப் போகும். அழுகல் இருந்தால் என்ன அழுகல், எத்தனை பழம் என்று பின்பக்கம் எழுதி அனுப்புவார். திங்கட்கிழமை காலையில் சூப்பர்வைசர் அதை எல்லோர் எதிரிலும் உரக்கப் படிப்பார். சீட்டு வந்தவள் அன்று சரியாகச் சாப்பிட மாட்டாள்.

அவள் நம்பர் பதினாலு. போன பருவத்தில் ஒரே ஒரு சீட்டு வந்தது. ‘காம்பழுகல், இரண்டு பழம். காம்பு ஒட்ட ஒடிந்த காயை எடுக்க வேண்டாம்.’

பக்கத்து மேசைக்காரி உச்சுக்கொட்டினாள். பதினாலு சீட்டை வாங்கிப் பார்த்தாள். ‘ழு’வின் வால் கீழ் வரிவரை இறங்கியிருந்தது. அவளுடைய பள்ளிக்கூட நோட்டுகளுக்கெல்லாம் அட்டை போட்டுப் பெயர் எழுதிக் கொடுத்தவனின் கையெழுத்து. அண்ணன்.

மூன்று வருஷத்துக்கு முன் அவன் தனக்குப் பிடித்தவளைக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றான். “இந்தப் படி ஏறாதே” என்றார் அப்பா. அண்ணன் அப்பாவைப் பார்க்கவில்லை, தங்கையைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். அன்று போனவன் போன் நம்பரையும் மாற்றிவிட்டான்.

கடிதம் எழுதலாம். சந்தையின் முகவரி பெட்டியிலேயே இருக்கிறது. பதில் வராவிட்டால்? பிறகு எதிர்பார்க்கக்கூட ஒன்றும் மிஞ்சாது. கடிதத்துக்கு அவன் பதில் போடாமல் இருக்கலாம். புகார் எழுதாமல் இருக்க முடியாது. அது அவன் வேலை.

ஆனால் இந்தப் பருவத்தில் அவளுக்கு ஒரு சீட்டுகூட வரவில்லை.

“கண்ணுல விளக்கெண்ணெய ஊத்திக்கிட்டு வர்ற போல,” என்பாள் பக்கத்து மேசைக்காரி. “கொஞ்சம் தப்பு பண்ணுடி. உன்னால எங்க மானம் போகுது.”

காய்கள் வெந்நீர்த் தொட்டியில் ஐந்து நிமிஷம் முங்கி எழுந்துதான் மேசைக்கு வரும். தோலோரம் ஒளிந்திருக்கும் பூஞ்சையை ஐம்பத்திரண்டு டிகிரி சூடு கொல்லும். ஆழமாக இறங்கிவிட்டதைக் கொல்லாது. அன்று அவள் கையில் வந்த காயில், காம்படியைச் சுற்றி எண்ணெய் பட்டாற்போல் ஒரு வளையம். நூல் கனம்தான், வேறு யார் கண்ணிலும் படாது. ஆறு நாளில் அது பாதிப் பழத்தைக் கறுப்பாக்கி நீர் வடிய வைக்கும். பக்கத்துப் பழங்களையும் பிடிக்கும்.

கழிவுக் கூடைக்குப் போன கை பாதியில் நின்றது.

“என்ன, அந்தக் காயோட பேச்சுவார்த்தை நடத்துற?”

“நல்ல காய்தான்,” என்று சொல்லி அதைப் பெட்டியின் நடுவில் வைத்தாள். சீட்டைப் போட்டு மூடினாள்.

இரண்டாம் நாள், லாரி போய்ச் சேர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். நான்காம் நாள், நிறம் திரும்பியிருக்கும். ஆறாம் நாள் முழுக்க அவளுக்கு வேலையே ஓடவில்லை. மூடியைத் திறந்து, முகம் சுளித்து, அவன் பேனாவைத் தேடுவது தெரிந்தது. ‘காம்பழுகல்’ என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் எதையும் படிக்கவில்லை. அவளை மட்டும் அறைக்குக் கூப்பிட்டுத் தாளை நீட்டினார். கையெழுத்து உருண்டை உருண்டையாக இருந்தது. யாரோ எழுதியது.

‘பதினொரு பழம் அழுகல். பெட்டி கடைக்குப் போன பிறகே தெரிந்தது. சோதிப்பவர் அதைத் திறக்கவில்லை. இந்தப் பருவத்தில் பதினாலாம் நம்பர் பெட்டி எதையுமே அவர் திறந்ததில்லை. கேட்டால், பதினாலு தப்பு செய்யாது என்கிறார். அவரைப் பழப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டோம்.’

அவள் இரண்டு தடவை படித்தாள். அடுக்கிய விதத்தைப் பார்த்து அப்படிச் சொன்னானா, அடுக்கியது யாரென்று தெரிந்தே சொன்னானா? தாளில் அதற்குப் பதில் இல்லை.

“விடும்மா. யானைக்கும் அடி சறுக்கும்,” என்றார் சூப்பர்வைசர். “ஆனா யாரு இந்தாளு? உன்னப் பார்த்ததே இல்ல, உனக்காக வேலையையே பணயம் வெச்சிருக்காரு.”

“எங்க அண்ணன் சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“அடி சறுக்கல சார். தெரிஞ்சேதான் வெச்சேன். நாலஞ்சு நாள் லீவு வேணும். அங்க போய்ச் சொல்லணும்.”

“சொன்னா உன் வேலை போயிடும்.”

“போகட்டும் சார்.”

“உங்க அண்ணன இப்ப வெங்காயக் கிடங்குல போட்டிருக்காங்களாம். உள்ள யாரையும் விட மாட்டாங்க. சொல்லியனுப்பி, அவர் வரமாட்டேன்னுட்டா?”

“வேலை முடிஞ்சா வெளிய வந்துதானே சார் ஆகணும்,” என்றாள். “லாரி எத்தனை மணிக்குக் கிளம்புது?”